ஏழாம் பொருத்தத்தில் முளைக்கும் காதல்

1979 செப்டம்பரில், அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்காக வெளிவரும் 'எசென்ஸ்' மாத இதழில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. எழுதியவர் சிர்லேன் மெக்ரே, அப்போது வயது 24. கட்டுரையின் தலைப்பு 'நான் ஒரு லெஸ்பியன்'. தன் மனமும் உடலும் பெண்களையே நாடுகின்றன என்பதைச் சொந்தப் பெயரில், ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். வேலை, உறவு, சுற்றம் எல்லாவற்றையும் இழக்கக்கூடிய துணிச்சல் அது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1991-ல், நியூயார்க் மேயர் டேவிட் டிங்கின்ஸின் அலுவலகத்தில் அவர் வேலை பார்த்தார். மேயருக்கான உரைகளை எழுதுவது அவர் பொறுப்பு. அதே கட்டடத்தில் மேயரின் உதவியாளர்களில் ஒருவராக இருந்தார் பில் டி பிளாசியோ: வெள்ளையர், மெக்ரேயைவிட ஆறேழு வயது இளையவர், ஆறரையடிக்குச் சற்றே குறைந்த உயரம். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு மெக்ரேயைப் பிடித்துப்போனது. மெக்ரேக்கு அவர் மீது எந்த நாட்டமும் இல்லை. விடாமல் தொலைபேசியில் அழைத்தார், விருப்பமில்லாத முத்தம் ஒன்றுக்கும் முயன்றார் என்று பின்னாளில் அமெரிக்க ஏடுகள் எழுதின. மெக்ரே தன் பழைய 'எசென்ஸ்' கட்டுரையை அவரிடம் கொடுத்தார். தான் யார் என்பதில் ஐயம் வேண்டாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது. ஆனாலும் அந்த அலுவலகத்து நாட்களில் ஏதோ திரும்பியது. 1994-ல் அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள். இரண்டு பிள்ளைகள். 2014 முதல் 2021 வரை டி பிளாசியோ நியூயார்க்கின் மேயர். 2023 ஜூலையில் தாங்கள் பிரிவதாக இருவரும் சேர்ந்தே அறிவித்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டு இல்லறம்.

தேர்தல் காலத்தில் பத்திரிகைக்காரர்கள் மெக்ரேயைத் துளைத்தார்கள். அப்படியானால் 1979-ல் எழுதியது பொய்யா, இல்லை 1994-ல் நடந்தது வேடமா? அவர் இரண்டையுமே மறுத்தார். எழுதியது உண்மை, காதலித்ததும் உண்மை. அதற்கு மேல் தனக்கொரு பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள அவர் விரும்பவில்லை.

இந்தக் கதையை நான் தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதே கதையை இங்கே சொன்னால் எப்படிக் கேட்கப்படும் என்பது எனக்குத் தெரியும். "பாத்தீங்களா, சரியான ஆம்பள ஒருத்தன் வந்ததும் எல்லாம் சரியாப் போச்சு" என்பார்கள். பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்க்கும் வீடுகளில் இந்த ஒரு வரிதான் மருந்து, மந்திரம், மிரட்டல் எல்லாமே. மெக்ரேயின் வாழ்க்கை அந்த வரிக்குச் சான்றாகுமா? ஆகவே ஆகாது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் அதைச் சொல்வதற்காக, எதிர்பாராத காதல் என்று ஒன்று நடப்பதையே மறுக்கவும் நான் தயாரில்லை. நடக்கிறது. எப்படி நடக்கிறது என்று பார்த்தால், அதை வைத்து யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் கூடவே விளங்கும்.

முதலில் சண்டையிலிருந்து தொடங்கலாம்.

சங்க மரபில் மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. 1330 குறள்களை எழுதிய ஒருவர் ஊடலில் வந்து நூலை முடித்திருக்கிறார். ஆனால் அங்கெல்லாம் சண்டை காதலுக்குப் பின்னால் வருகிறது. முன்பே ஒன்றிய இருவர் பிணங்குகிறார்கள். நாம் பேசுவது அதற்கு முந்திய சண்டை. ஒருவரை ஒருவர் பிடிக்காத இருவர், ஒரே மேசையில், ஒரே களத்தில், ஒரே ஷிப்டில் மாட்டிக்கொண்டு நாள்தோறும் மல்லுக்கு நிற்பது. "அந்த ரெண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்" என்று மற்றவர்கள் சொல்லி ஓய்ந்த பிறகு, அந்த இருவருக்கும் நடுவே வேறொன்று முளைப்பது. தமிழ்ச் சினிமா இதை ஆயிரம் தடவை எடுத்திருக்கிறது, பெரும்பாலும் தவறாக. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அருகில் இருப்பவர்களே நண்பர்களாகிறார்கள் என்பது சமூக உளவியலின் பழைய கண்டுபிடிப்பு. 1950-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் லியோன் ஃபெஸ்டிங்கரும் இரு சகாக்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்து, யாருடைய கதவு யாருடைய கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதே நட்பைப் பெரிதும் தீர்மானிப்பதைக் கண்டார்கள். இது பலருக்கும் தெரிந்தது. அவ்வளவாகப் பேசப்படாதது 1976-ல் வந்த இன்னொரு ஆய்வு. எபசன், யோஸ், கொனெச்னி என்ற மூவர் கலிஃபோர்னியக் குடியிருப்பு ஒன்றில், உங்களுக்குப் பிடிக்காதவர் யார் என்றும் சேர்த்துக் கேட்டார்கள். பிடிக்காதவர்களும் பக்கத்திலேயேதான் இருந்தார்கள், நண்பர்களைவிடவும் பக்கத்தில். தூரத்து மனிதரை வெறுக்க நமக்கு நேரமில்லை. குப்பையை எங்கே கொட்டுகிறார், வண்டியை எங்கே நிறுத்துகிறார், எத்தனை மணிக்குச் சத்தம் போடுகிறார் என்பது தெரிந்தவரிடம்தான் பகை வரும். நெருக்கம் உணர்ச்சியைக் கூட்டுகிறது. அது எந்தப் பக்கம் சாயும் என்பதை நெருக்கம் மட்டும் முடிவு செய்வதில்லை.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும், பக்கம் மாறும்போது என்ன ஆகிறது? 1965-ல் எலியட் அரன்சனும் டார்வின் லிண்டரும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 80 மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொரு மாணவியும், தன்னைப் பற்றி இன்னொருத்தி தொடர்ந்து சொல்லும் கருத்துகளைத் தற்செயலாகக் கேட்பதுபோல் ஏற்பாடு. முதலிலிருந்து கடைசிவரை பாராட்டியவளைவிட, முதலில் குறை சொல்லிப் பிறகு மெல்ல மெல்லப் பாராட்டுக்கு வந்தவளையே மாணவிகளுக்குக் கூடுதலாகப் பிடித்தது. காரணம் யோசித்தால் பிடிபடும். எல்லாரையும் புகழும் வாய்க்கு மதிப்பு குறைவு. நம்மை எடைபோட்டு, குறை கண்டு, பிறகு மனம் மாறியவரின் சொல் நம்மைத் தேடி வந்த சொல்லாகப் படுகிறது.

சண்டைக்கு இன்னொரு குணமும் உண்டு. இதை எந்த ஆய்விலிருந்தும் எடுக்கவில்லை, என் கணிப்பு. ஒருவரோடு தினமும் சண்டை போட வேண்டுமானால் அவரைத் தினமும் கவனிக்க வேண்டும். எந்தச் சொல் அவருக்குச் சுடும், எந்த வேலையில் அவரை அசைக்க முடியாது, எப்போது அவர் முகம் வாடியிருக்கிறது, வாடியிருக்கும் அன்றைக்கு ஏன் நமக்குச் சண்டை போட மனம் வருவதில்லை. இப்படி ஆறு மாதம் கவனித்த மனிதர் ஆண், பெண் என்ற வகையிலிருந்து விலகித் தனி ஆளாகிவிடுகிறார். ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒன்றிய நட்புக்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் குறள் உரையாசிரியர் பரிமேலழகர் சான்று காட்டுகிறார். பழக்கமே வேண்டாத பிணைப்பு அது. நாம் பேசும் காதல் அதற்கு நேர் எதிர் முனையில் இருக்கிறது. பழக்கம் இல்லாவிட்டால் இது பிறக்கவே பிறக்காது.

இங்கேதான் யூட்டா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லிசா டயமண்ட் வருகிறார். ஆணையல்லாமல் பெண்ணையோ, இரு பாலரையுமோ நாடுவதாகச் சொன்ன இளம்பெண்களை 1990-களின் நடுவில் நேர்கண்டு, பத்தாண்டுகள் விடாமல் தொடர்ந்தார். அதில் 79 பெண்களைப் பற்றிய முடிவுகள் 2008-ல் வெளிவந்தன. அதே ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய 'பாலியல் நெகிழ்வு' பற்றிய நூலை வெளியிட்டது. அந்தப் பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயரை ஒரு முறையாவது மாற்றியிருந்தார்கள். பெண்களை மட்டுமே நாடிய ஒருத்தி, ஒரே ஓர் ஆணைக் காதலித்தாள். வேறொருத்தி எந்தப் பெயரும் வேண்டாம் என்றாள். குறிப்பிடத்தக்க செய்தி இதற்குள் இருக்கிறது: பெயர் மாறியதே தவிர, அவர்களுடைய பொதுவான ஈர்ப்பு பெரும்பாலும் தன் வழக்கமான திசையிலேயே நின்றது. அந்த ஒருவரைக் காதலித்தவளுக்கு மற்ற ஆண்கள் மீது திடீரென்று நாட்டம் வந்துவிடவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் அமெரிக்கர்கள், பெரும்பாலும் வெள்ளையினத்தவர்கள், படித்தவர்கள் என்ற வரம்பை மறக்கக் கூடாது. ஆனாலும் இவ்வளவு நீண்ட காலம், ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கேட்ட ஆய்வுகள் மிகக் குறைவு.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு டயமண்ட் 2003-லேயே ஒரு விளக்கம் தந்திருந்தார். உடல் வேட்கையும் காதல் பிணைப்பும் வேறு வேறு ஊற்றுகளிலிருந்து வருகின்றன என்பது அவர் வாதம். வேட்கை இனப்பெருக்கத்தோடு தொடர்புடையது, எனவே அதற்குப் பெரும்பாலும் ஒரு பால் திசை இருக்கிறது. பிணைப்பு அப்படியில்லை. குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உண்டாகும் ஒட்டுதலின் அதே உடல் ஏற்பாடுகள்தான் பெரியவர்களின் காதலிலும் வேலை செய்கின்றன. தன்னைத் தூக்கி வளர்ப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துக் குழந்தை ஒட்டுவதில்லை. ஆகவே வழக்கமாக வேட்கையில் தொடங்கிப் பிணைப்பில் முடியும் பாதை, சில நேரம் தலைகீழாகவும் நடக்கலாம். நெடுநாள் அருகிருப்பு, பகிர்ந்துகொண்ட கவலை, தோளில் வைத்த கை ஆகியவற்றிலிருந்து முதலில் பிணைப்பு வருகிறது. அந்த ஒருவரை நோக்கி மட்டும் வேட்கை பின்னால் வருகிறது. மெக்ரேயின் வாழ்க்கையை இந்த விளக்கத்தோடு வைத்துப் பார்த்தால் முரண் எதுவும் மிஞ்சுவதில்லை.

வரலாற்றில் இது புதிதுமில்லை. லண்டனில் இந்திய அலுவலகத்தில் வேலை பார்த்து, இந்திய நாணய முறை பற்றி 1913-ல் நூல் எழுதிய பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸின் காதலர்கள் இளமை முழுதும் ஆண்கள். 1921 கடைசியில் மேடையில் ஆடிய ரஷ்ய நடனக் கலைஞர் லிடியா லொப்போகோவாவிடம் மனதைப் பறிகொடுத்தார். 1925-ல் மணந்தார். அவருடைய புளூம்ஸ்பரி நண்பர்கள், பழைய ஒழுக்கங்களை உடைத்ததாகப் பெருமைப்பட்டவர்கள், லிடியாவைப் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. 1946-ல் கெயின்ஸ் இறக்கும்வரை அந்த மணம் நிறைவாக இருந்தது. அதே நண்பர் வட்டத்தில் இன்னொரு கதை உண்டு, சண்டையில் பிறந்த கதை. 1915-ல் ஓவியர் டோரா கேரிங்டனை எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி முத்தமிட்டுவிட, ஆத்திரம் கொண்ட கேரிங்டன் பழிவாங்க மறுநாள் விடியலில் கத்தரிக்கோலோடு அவர் அறைக்குள் நுழைந்தார். தூங்கும்போது தாடியை வெட்டிவிடுவது திட்டம். ஸ்ட்ரேச்சி கண்ணைத் திறந்து பார்த்தார், கேரிங்டனின் மனம் அந்த நொடியில் மாறியது என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் மைக்கேல் ஹோல்ராய்ட் எழுதுகிறார். ஸ்ட்ரேச்சி ஆண்களை விரும்புபவர், கடைசிவரை அப்படியே இருந்தார். ஆனாலும் 1917 முதல் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். 1932 ஜனவரியில் ஸ்ட்ரேச்சி இறந்தார், இரண்டு மாதத்துக்குள் கேரிங்டன் தன் உயிரை முடித்துக்கொண்டார். இது இன்பக் கதை என்று யாரும் சொல்ல முடியாது. கெயின்ஸுக்கு நேர்ந்தது எல்லாருக்கும் நேரும் என்று நினைப்பவர்கள் கேரிங்டனையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு மிக அருகில் வரும் சம்பவம் போபாலில் நடந்தது. மத்தியப் பிரதேச சிறப்பு ஆயுதப் படையின் 23-ஆவது பட்டாலியனில் லீலா, உர்மிளா என்ற இரண்டு பெண் காவலர்கள் வேலை பார்த்தார்கள். லீலா கணவனை இழந்தவர். 1987 டிசம்பரில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் துறை அவர்களைத் தனியே அடைத்து விசாரித்தது, பணியிலிருந்து நீக்கியது. 1988 தொடக்கத்தில் நாடு முழுதும் பத்திரிகைகளில் அவர்கள் படம் வந்தது. ஓர் ஆணோடு குடும்பம் நடத்திய பெண், பட்டாலியனில் தன்னோடு பயிற்சியும் காவலும் பகிர்ந்த இன்னொரு பெண்ணோடு வாழ முடிவெடுத்தார். இதை எந்தத் திசை மாற்றமாக எடுத்துக்கொள்வது? அவர்களிடம் அதற்கு எந்தக் கோட்பாடும் இல்லை, தேவைப்படவும் இல்லை. சேர்ந்து வாழ வேண்டும் என்ற அவர்களின் எளிய விருப்பத்தை ஏற்க அரசுக்குத்தான் மனமில்லை. லீலாவும் உர்மிளாவும் சிற்றூர்ப் பின்னணியிலிருந்து வந்தவர்கள். பெரு நகரத்து ஆங்கிலம் படித்தவர்களின் வழக்கம் இது என்று சொல்பவர்களுக்கு அந்த இரண்டு காவலர்களே பதில். மாயா சர்மா 2006-ல் வெளியிட்ட, பெண்ணை நேசிக்கும் உழைக்கும் வர்க்கப் பெண்களைப் பற்றிய நூல் அந்தப் பதிலை இன்னும் விரிவாகத் தருகிறது.

அந்தச் சம்பவத்தில் என்னை நிறுத்துவது வேலை. படையில் சேராவிட்டால் அந்த இருவரும் சந்தித்திருக்க மாட்டார்கள். சம்பளம் இல்லாவிட்டால் சேர்ந்து வாழ நினைத்திருக்கவும் முடியாது. அரசு முதலில் பறித்ததும் அந்தச் சம்பளத்தைத்தான்.

கடமலைக்குண்டில் பெண்கள் குடும்பத்துக்கு வெளியே பிறரோடு சமமாக நிற்கும் இடங்கள் எவை? ஆண்டிபட்டி வட்டத்தில், மூல வைகைக் கரையில், வருசநாட்டு மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது இந்த ஊர். தென்னை, முருங்கை, இலவம் பஞ்சு. காய் உடைத்துப் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் களத்தில் பெரும்பாலும் பெண்கள். நூறு நாள் வேலையிலும் பெண்களே அதிகம். ஆண்டிபட்டிப் பக்கத்து மில்லுகளுக்கு ஷிப்டு வண்டியில் போகிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்கள், ஒன்றிய அலுவலகப் பணியாளர்கள், மகளிர் குழுக்களில் கணக்கெழுதுபவர்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பட்டியல் தோட்டத்தோடும் களத்தோடும் முடிந்திருக்கும். வீட்டில் எதிர்த்துப் பேசாத பெண், வேலையிடத்தில் எதிர்த்துப் பேசக் கற்றாள். "நேத்து நீ பண்ணுன வேலைய நான் ஏன்டி பண்ணணும்?" என்று கேட்கும் உரிமை சின்ன உரிமையில்லை. அப்படிக் கேட்கக்கூடிய இடத்தில்தான், கேட்கப்பட்டவள் ஒருநாள் காய்ச்சலில் வராதபோது களமே வெறிச்சென்று இருப்பதும் தெரியவரும்.

சமமாக இருந்தால்தான் அது சண்டை. கங்காணி திட்டுவதும் கூலியாள் தலைகுனிவதும் சண்டைக் கணக்கில் சேராது. தமிழ்ச் சினிமா தவறாக எடுத்தது என்று முன்னால் சொன்னது இதைத்தான். கதாநாயகன் துரத்துவான், வழி மறிப்பான், கேலி செய்வான். கதாநாயகி திட்டுவாள், அதையே காதலின் முதல் படி என்று படம் சொல்லும். அவள் மறுப்புக்கு அங்கே மதிப்பே இல்லை. மெக்ரேயின் கதையிலும் விருப்பமில்லாத முத்தத்துக்கான முயற்சி இருக்கிறது, அதை நான் அழகுபடுத்தத் தயாரில்லை. முடிவு நன்றாக அமைந்ததால் தொடக்கத்தில் செய்தது சரியாகிவிடாது. 1997-ன் விசாகா தீர்ப்பும் 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் இந்த வேறுபாட்டுக்குத்தான் காவல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமானால் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பத்துப் பேர் இல்லாத பஞ்சுக் களத்துக்கும் கடைக்கும் வீட்டு வேலைக்கும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு உண்டு. இது தெரியாமல் எத்தனையோ பெண்கள் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள்.

இனி அந்த மிரட்டல் வரிக்கு வருவோம். ஈர்ப்பு நெகிழக்கூடியது என்றால், அதை வளைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். டயமண்டின் ஆய்வையே எடுத்து அப்படிப் பயன்படுத்தியது, ஈர்ப்பை மாற்றித் தருவதாகச் சொல்லும் அமெரிக்காவின் 'மாற்றுச் சிகிச்சை'க் கூட்டம். அவர் 2008-ல் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். தன் ஆய்வில் இருந்த பெண்கள் எவரும் மாற முயன்று மாறவில்லை, மாற்றம் அவர்களைக் கேட்காமல் வந்தது என்பதே அவர் சொல்லிவரும் செய்தி. மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர், முயன்றால் சிலர் மாறுகிறார்கள் என்று 2003-ல் எழுதிய கட்டுரையை 2012-ல் தவறென்று ஒப்புக்கொண்டு, தன்பாலீர்ப்பாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். இந்தச் சிகிச்சையைக் கிறித்தவ அமைப்பாக நடத்திய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் 2013-ல் மன்னிப்போடு தன்னை மூடிக்கொண்டது. வானத்திலிருந்து மழை வருவதால், நாம் தலையில் கொட்டும் குடத்துத் தண்ணீர் மழையாகிவிடாது. எதிர்பாராமல் வந்த காதலைக் காட்டி, எதிர்பார்த்துத் திணிக்கும் கல்யாணத்துக்கு நியாயம் தேட முடியாது.

தமிழ்நாட்டில் இதை முதலில் சட்டமாகச் சொல்ல வைத்தவர்கள் மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்கள். பெற்றோர் புகார் கொடுக்க, காவலர்கள் தேடிவர, அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். சுஷ்மா வழக்கு என்று பெயர்பெற்ற அதில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்தது இந்திய நீதி வரலாற்றில் அரிதானது. தனக்கு இந்த விஷயத்தில் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் வித்யா தினகரனிடம் தானே அமர்ந்து கேட்டறிந்த பிறகு, 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். மனம்விரும்பிச் சேர்ந்து வாழும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், காணாமல் போனவர் என்ற புகாரைக் காவலர்கள் முடித்துவிட வேண்டும். ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் எந்தச் சிகிச்சையும் கூடாது. இதையொட்டி 2022-ல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில், பால்புதுமையரையும் அவர்களுக்காகப் பணியாற்றுபவர்களையும் துன்புறுத்துவது தவறு என்று சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் மாற்றுச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆக, 'சரிசெய்து தருகிறேன்' என்று சொல்லும் மருத்துவர் தேனியில் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும் தன் உரிமத்தைப் பணயம் வைத்துத்தான் சொல்கிறார்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின் பிடியிலிருந்து மனமொத்த பெரியவர்களை விடுவித்தது. 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் ஒருபால் திருமணத்துக்கு அடிப்படை உரிமை இல்லை என்றது. இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே 22 அன்று ஒரு கை கொடுத்தது. வேலூர் மாவட்டத்தில் பெற்றோரால் வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை அவருடைய தோழி மீட்கக் கோரிய ஆட்கொணர்வு மனுவில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் சொன்னார்கள். அந்தப் பெண் தான் விரும்பியவரோடு போனார். 1988-ல் லீலாவுக்கும் உர்மிளாவுக்கும் இப்படி ஒரு தீர்ப்பு கையில் இருந்திருந்தால் அவர்கள் சீருடையைக் கழற்ற வேண்டி வந்திருக்காது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் காதலுக்கு முன்னால் நிற்கும் முதல் சுவர் சாதிதான், அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தேனி அல்லிநகரத்திலிருந்து போன பாரதிராஜா 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தபோது சாதியையும் மதத்தையும் தாண்டிய காதலர்களைத் திரையில் நிறுத்தினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சுவர் விழவில்லை. பெண் பெண்ணை விரும்புவதோ, பெண்களை விரும்பிய ஒருத்தி யாரும் நினையாத ஓர் ஆணை விரும்புவதோ அந்தச் சுவருக்கும் அப்பால் இருக்கிறது. வேறு சாதி ஆணோடு போனால் கொலை, சொந்த சாதிப் பெண்ணோடு போனால் 'பேய் பிடிச்சிருக்கு' என்று கோடாங்கி. இரண்டிலும் பெண்ணின் மனது யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

எனவே பெற்றோருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ தன் மனம் எந்தப் பக்கம் என்று சொன்னால், அதை அப்படியே நம்புங்கள். நாளை அதே பிள்ளை, நேற்றுவரை சண்டை போட்ட யாரோ ஒருவரை, நீங்களும் அந்தப் பிள்ளையும் எதிர்பாராத ஒருவரைக் காட்டினால் அதையும் நம்புங்கள். முதலில் சொன்னதைப் பொய்யாக்க இரண்டாவதைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டாவது வரும் என்று காத்திருந்து முதலாவதை மிதிக்காதீர்கள். அடைத்துவைப்பது சட்டப்படி குற்றம். அடைக்கப்பட்டவர்களும், மிரட்டலுக்கு ஆளானவர்களும், வேலையிடத்தில் தொல்லைப்படுபவர்களும் தேனி லட்சுமிபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம், வருமானச் சான்று தேவையில்லை. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.